மெயின் சுவிட்ச் யார் கையில்?

(இரண்டாமாண்டு மாணவன், மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)



மலர்க் குழுவினர் "நீயும் ஒரு கட்டுரை கொடு" என்று கேட்டபோது, குற்றாலச் சீசனைப் பற்றி எழுதலாமா, தாய்ப்பாசத்தைப் பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இந்த மலரிலேயே இருக்கிறார்கள். அதனால் எனக்கு நடந்த ஒரு சின்ன விஷயத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன். விஷயம் சின்னதுதான், ஆனால் அதைப் பிடித்து இழுத்தால் உலகமே பின்னாடி வருகிறது!

போன செமஸ்டரில் நம் மாணவர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கேள்வி கேட்டேன். "விளையாட்டு விழாவுக்கு வசூல் பண்ணிய பணத்துக்குக் கணக்கு எப்போ போடுவீங்க?" அவ்வளவுதான். இரண்டு நிமிடத்தில் நான் குரூப்பில் இல்லை! நீக்கிவிட்டார்கள். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். குரூப்பில் இல்லாவிட்டால் என்ன, சோறு இறங்காதா?

மூன்று வாரம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி அந்தக் குரூப்பில் மட்டும்தான் வந்திருந்தது. நோட்டீஸ் போர்டில் ஒட்டவில்லை. "அதான் குரூப்புல போட்டாச்சே" என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்தபோது தேதி முடிந்துவிட்டது. அபராதத்தோடு கட்ட வேண்டியதாயிற்று.

அபராதத்துக்குப் பணம் கேட்டு அப்பாவிடம் போய் நின்றேன். அவர் எலுமிச்சை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. "எய்யா, அங்க நோட்டீஸ் ஒட்ட மாட்டாங்களா? எங்க மண்டியிலகூட சிலேட்டுல விலைய எழுதிப் போட்டுருவாங்களே. வாறவன் போறவன் எல்லாரும் பாப்பான்" என்றார்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். படிக்காத அப்பா கேட்ட அந்தக் கேள்விக்கு, படிக்கிற என்னிடம் அன்று பதில் இல்லை. அந்தப் பதிலைத்தான் இந்தக் கட்டுரையில் தேடிப் பார்க்கிறேன்.

என்னை நீக்கிய அண்ணனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் நல்லவர், இப்போதும் என்னோடு டீ குடிக்கிறார். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வகுப்புக் குரூப்பின் அட்மின் நான்தான். எரிச்சலில் ஒருவனை நானும் ஒருமுறை நீக்கியிருக்கிறேன். யார் கையில் சுவிட்ச் இருந்தாலும் ஒருநாள் அதைத் தட்டிப் பார்க்கத்தான் தோன்றும்!

ரேடியலும் ரிங் மெயினும்

மின்பகிர்மானப் பாடத்தில் நம் துறைக்காரர்கள் எல்லோரும் படித்திருப்போம். ரேடியல் முறையில் ஒரே பக்கத்தில் இருந்து சப்ளை வரும். நடுவில் ஒரு இடத்தில் அறுந்தால் அதற்கு அப்பால் இருக்கிற தெரு முழுக்க இருட்டு. ரிங் மெயினில் இரண்டு பக்கம் இருந்தும் சப்ளை வரும். ஒரு பக்கம் போனாலும் மறுபக்கத்தில் இருந்து விளக்கு எரியும். செலவு கூடத்தான். ஆனால் தெரு இருண்டு போகாது.

இன்டர்நெட்டின் அடிப்படை யோசனையும் கிட்டத்தட்ட இதுதான். 1964இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் இருந்த பால் பேரன் என்பவர், நடுநாயகமாக ஓர் எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் மீன்வலை மாதிரி பின்னிய வலையமைப்பைப் பற்றி எழுதினார். சில கண்ணிகள் அறுந்தாலும் செய்தி வேறு வழியில் போய்ச் சேரும். 1969 அக்டோபர் 29இல் அர்ப்பாநெட்டில் முதல் செய்தி போனது. 1983 ஜனவரி 1 முதல் அந்த வலையில் எல்லாக் கணினிகளும் ஒரே பேச்சு விதிக்கு மாறின. டி.சி.பி.-ஐ.பி. என்று நாம் படிக்கிறோமே, அதுதான். விதி எல்லோருக்கும் பொது, அதைப் பின்பற்றுகிற யாரும் சேரலாம். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைப்பு கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15இல், வி.எஸ்.என்.எல். மூலமாக.

முழுக்க முழுக்க மையமே இல்லாத வலை என்றும் சொல்லிவிட முடியாது. பெயர்களுக்கு ஒரு வேர் உண்டு. முகவரியின் கடைசியில் வருகிற .காம், .இன் போன்றவற்றை ஐகான் என்ற அமைப்பு பார்த்துக்கொள்கிறது. 1998இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. 2016 செப்டம்பர் வரை அந்த வேலை அமெரிக்க அரசின் ஒப்பந்தத்தின் கீழ்தான் நடந்தது. அதற்குப் பிறகுதான் பல நாட்டு அரசுகள், நிறுவனங்கள், பொறியாளர்கள், பயனாளர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசுகிற ஏற்பாடு வந்தது. நம் தமிழுக்கு அங்கே ஒரு பெருமை. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று மூன்று நாடுகளின் பெயர் தமிழ் எழுத்திலேயே வேரில் பதிவாகியிருக்கிறது!

ஆக, கட்டியவர்கள் ரிங் மெயினாகத்தான் கட்டினார்கள். நாம்தான் ரேடியலாக மாற்றிக்கொண்டோம். எப்படி என்று பார்ப்போம்.

நம் மாவட்டத்தில் சுவிட்ச் அணைந்த நாள்

2018 மே மாதம் நான் ஐந்தாம் வகுப்பு முடித்து முழுப்பரீட்சை லீவில் இருந்தேன். மே 22ஆம் தேதி தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் ஐந்து நாளைக்கு இன்டர்நெட்டை நிறுத்தச் சொல்லித் தமிழக உள்துறை உத்தரவு போட்டது.

அப்போது தென்காசி மாவட்டம் பிறக்கவில்லை. அது 2019 நவம்பரில்தான் வந்தது. புளியங்குடி அன்று திருநெல்வேலி மாவட்டம். தூத்துக்குடியில் இருந்து நாம் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறோம். ஆனாலும் அணைந்தது. போன் பேச முடிந்தது, நெட் மட்டும் இல்லை. எனக்கு அன்று தெரிந்ததெல்லாம் பக்கத்து வீட்டு அண்ணன் போனில் யூடியூப் வரவில்லை என்பதுதான். இப்போது யோசித்தால் வேறு மாதிரி தெரிகிறது. எந்தச் செய்தி உண்மை, எது வதந்தி என்று மக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நேரத்தில் தெரிந்துகொள்கிற ஒரு வழியே அடைபட்டது. வதந்தியைத் தடுக்கத்தான் அணைத்தோம் என்பது அரசின் வாதம். அந்தக் கவலை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூட்டத்தில் ஒருவன் கத்துகிறான் என்பதற்காக மூன்று மாவட்டத்துக்கும் வாயைக் கட்டலாமா? திருநெல்வேலிக்கும் கன்னியாகுமரிக்கும் ஏன் நிறுத்தினீர்கள் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கேட்டது.

இந்த அதிகாரம் எங்கே இருந்து வந்தது? 1885ஆம் வருடத்துத் தந்திச் சட்டத்தில் இருந்து! தந்தியே 2013இல் நின்றுபோனது, சட்டம் மட்டும் உயிரோடு இருந்தது. அதன் கீழ் 2017இல் நிறுத்த விதிகள் வந்தன. இப்போது 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் 2024ஆம் ஆண்டு விதிகளும் வந்திருக்கின்றன. சுவிட்ச் மட்டும் அதே இடத்தில்தான் இருக்கிறது. மாநிலத்தில் உள்துறைச் செயலாளர் ஒரு உத்தரவு போட்டால் போதும்.

நீதிமன்றம் சும்மா இருக்கவில்லை. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் இருந்து நெட் நிறுத்தப்பட்டதை எதிர்த்துப் பத்திரிகையாளர் அனுராதா பாசின் வழக்குப் போட்டார். 2020 ஜனவரி 10இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. காலவரையில்லாமல் நிறுத்தக் கூடாது, உத்தரவை வெளியிட வேண்டும், அப்போதுதான் பாதிக்கப்பட்டவர் அதை எதிர்த்து வழக்குப் போட முடியும் என்றது. என் அப்பா சொன்ன சிலேட்டும் அதுதானே? எழுதிப் போடு, எல்லோரும் பார்க்கட்டும்!

மலைக்கு அந்தப்பக்கம் இன்னொரு வழக்கு. கோழிக்கோடு பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை மாணவிகள் செல்போனை ஒப்படைக்க வேண்டும் என்று விதி. ஒரு மாணவி மறுத்தார். விடுதியை விட்டு அனுப்பினார்கள். அவர் உயர் நீதிமன்றம் போனார். இன்டர்நெட்டைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. நம்மைப் போல ஒரு மாணவி கேட்ட கேள்வியால் வந்த தீர்ப்பு, நண்பர்களே!

கம்பெனி கையில் உள்ள சுவிட்ச்

அரசாங்கத்திடம் மட்டும்தான் சுவிட்ச் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2021 அக்டோபர் 4ஆம் தேதி இரவு வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகம் முழுக்கப் படுத்துவிட்டன. மூன்றும் ஒரே கம்பெனி. உள்ளே ஏதோ பராமரிப்பு வேலையில் செய்த தவறு. உலகின் பாதி ஊர் ஒரே ஃபியூஸில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அன்றுதான் பலருக்கும் தெரிந்தது.

டிக்டாக்கை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 29இல் இந்திய அரசு தடை செய்தது. தடை சரியா தப்பா என்பது வேறு விவாதம். ஆனால் நம் ஊர்ப் பக்கம் ஆடிப் பாடி வீடியோ போட்டவர்கள் எத்தனை பேர்! ஒரே இரவில் எல்லாம் போயிற்று. அதே மாதிரி "ட்விட்டருக்குப் பதில் நம் நாட்டுச் செயலி" என்று 2020இல் வந்த கூ, தமிழிலும் இருந்தது. 2024 ஜூலையில் கடையை மூடப்போவதாக அறிவித்தார்கள். எழுதியவர்களின் எழுத்து? கம்பெனியோடு போயிற்று. முதலாளி வெளிநாட்டுக்காரனாக இருந்தாலும் உள்நாட்டுக்காரனாக இருந்தாலும், ஒரே இடத்தில் வைத்தால் ஒரே நாளில் போகும்.

இங்கே நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். தென்காசி பக்கம் மத்தளம்பாறை எல்லோருக்கும் தெரியும். 2011இல் ஜோஹோ நிறுவனம் அங்கே அலுவலகம் திறந்தது. ஸ்ரீதர் வேம்பு அவர்களே அங்கே வந்து குடியிருக்கிறார். வயற்காட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உலகத்துக்கே மென்பொருள் எழுதலாம் என்று காட்டியது சாதாரண விஷயமில்லை. சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறாமலே வேலை பார்க்கலாம் என்ற நம்பிக்கை நம் போன்றவர்களுக்கு வந்தது அதனால்தான். எனக்கும் அங்கே ஒரு வேலை கிடைத்தால் சந்தோஷமாகப் போவேன். இதை மறைக்க வேண்டியதில்லை!

ஆனால் "வேலை பரவலாவது" வேறு, "அதிகாரம் பரவலாவது" வேறு. இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். 2021இல் வந்த அவர்களுடைய அரட்டை செயலி, 2025 செப்டம்பரில் திடீரென்று பிரபலமானது. "வாட்ஸ்அப்பை விட்டு எல்லாரும் அரட்டைக்கு வாங்க, அதுதான் சுதந்திரம்" என்று நம் வகுப்பிலேயே பேச்சு வந்தது. நான் கேட்கிறேன், கலிபோர்னியாவில் இருக்கிற சுவிட்சைக் கழற்றி மத்தளம்பாறையில் மாட்டினால் அது ரிங் மெயின் ஆகிவிடுமா? பக்கத்து ஊர் என்பதால் பாசம் இருக்கலாம். ஆனாலும் அது ரேடியல்தான்.

இதை அவர்களே உணர்ந்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். செய்திச் செயலிகளும் யு.பி.ஐ. மாதிரி, ஈமெயில் மாதிரி ஒன்றோடொன்று பேச வேண்டும், ஏகபோகம் வேண்டாம் என்று 2025இல் ஸ்ரீதர் வேம்பு வெளிப்படையாகவே சொன்னார். ஐரோப்பாவில் அதைச் சட்டமாகவே போட்டுவிட்டார்கள். அங்கே பிற செயலிகள் கேட்டால் வாட்ஸ்அப் கதவைத் திறந்துவிட வேண்டும். ஈமெயிலை யோசித்துப் பாருங்கள். என் முகவரி ஒரு கம்பெனியில், உங்கள் முகவரி இன்னொன்றில். ஆனாலும் கடிதம் போகிறது. எனக்குப் பிடிக்கவில்லை என்றால் கம்பெனியை மாற்றிக்கொண்டும் உங்களோடு பேசலாம். வாட்ஸ்அப்பை விட்டு வெளியே வந்தால் நட்பையே விட்டு வந்த மாதிரி ஆகிறதே, அதுதான் கோளாறு.

ஆளாளுக்கு ஒரு வழி என்றால்?

"சரிடா, அப்போ ஆளாளுக்கு ஒண்ணு வச்சுக்கிட்டா போதுமா? அது அலங்கோலமா போயிரும்லா?" என்று என் நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. இதற்குத் தமிழே பதில் வைத்திருக்கிறது.

1990களில் கணினித் தமிழ் அப்படித்தான் இருந்தது. ஆளுக்கு ஒரு எழுத்துரு. ஒரு பத்திரிகையின் தளத்தைப் படிக்க அவர்களுடைய எழுத்துருவை இறக்க வேண்டும், அடுத்ததற்கு வேறு எழுத்துரு. ஒருவர் அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்னொருவர் கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். பரவலாகத்தான் இருந்தது, ஆனால் ஒருவரோடு ஒருவர் பேச முடியவில்லை! பிறகு பல நாட்டுத் தமிழர்கள் கூடிப் பேசி டிஸ்கி என்ற குறியேற்றத்தை உருவாக்கினார்கள். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி போன்றவர்கள் முன்கை எடுத்து 1997இல் அங்கே மாநாடு நடந்தது. 1999இல் சென்னையில் அடுத்த மாநாடு. தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியேற்றங்களையும் தமிழக அரசு ஏற்றது. 2000இல் உத்தமம் அமைப்பு வந்தது. கடைசியில் யூனிகோடு பரவிய பிறகுதான் எந்தப் போனிலும் எந்தக் கணினியிலும் ஒரே தமிழ் தெரிகிறது.

யூனிகோடு விதி பொது. எழுத்துரு ஆயிரம் இருக்கலாம், யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதாவது பாதை விதி ஒன்று, வண்டி பல. இதுதான் நான் கேட்கிற பரவலாக்கம். ஊருக்கு ஒரு தனித்தீவு வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

நம் மின்சாரமே சாட்சி. 2012 ஜூலை 31இல் வட இந்தியா, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் மொத்தமாக விழுந்தன. தெற்கு விழவில்லை, காரணம் அப்போது நம் தொகுப்பு தனியாக ஓடியது. "பாத்தியா, தனியா இருந்ததால பிழைச்சோம்" என்று சொல்லலாம். ஆனால் பற்றாக்குறை வந்தபோது வடக்கில் இருந்து வேண்டிய அளவு வாங்கவும் முடியாமல் தவித்ததும் நாம்தான். அதனால்தான் 2013 டிசம்பர் 31இல் தெற்கையும் இணைத்தார்கள். இணையவும் வேண்டும், தேவைப்பட்டால் சொந்தக் காலில் நிற்கவும் தெரிய வேண்டும்.

யு.பி.ஐ.யும் அப்படியே. 2016இல் வந்தது. எந்தச் செயலியில் இருந்தும் எந்த வங்கிக்கும் பணம் போகிறது. மண்டி வாசல் டீக்கடையில்கூட அட்டை தொங்குகிறது. அருமையான ஏற்பாடுதான்! ஆனால் எல்லாச் செயலிக்கும் பின்னால் இருப்பது ஒரே அமைப்பின் சுவிட்ச்தான். 2025 மார்ச் 26இலும் ஏப்ரல் 12இலும் அது திணறியபோது நாடு முழுக்கத் திணறியது. பையில் ஐம்பது ரூபாய் வைத்திருந்தவன் டீ குடித்தான்.

நாம் என்ன செய்யலாம்?

ஐகானையும் உள்துறையையும் நாளைக்கே திருத்த நம்மால் முடியாது. நம் கல்லூரியைத் திருத்தலாம். சங்கத்தின் முன் நான்கு கோரிக்கைகள் வைக்கிறேன்.

ஒன்று: கட்டணம், தேர்வு, உதவித்தொகை பற்றிய எந்த அறிவிப்பும் முதலில் நோட்டீஸ் போர்டில் ஏற வேண்டும். குரூப்பில் போடுவது அதற்குப் பிறகு. நம்மில் சிலரிடம் ஸ்மார்ட்போன் இல்லை, சிலரிடம் ரீசார்ஜுக்குக் காசு இல்லை. அதை அவர்கள் வெளியே சொல்வதில்லை.

இரண்டு: குரூப்புக்கு ஒரே அட்மின் கூடாது. துறைக்கு ஒருவர், வருடத்துக்கு ஒருமுறை மாற்றம். யாரையும் நீக்கினால் காரணத்தைக் குரூப்பிலேயே எழுத வேண்டும். உச்ச நீதிமன்றம் அரசுக்குச் சொன்னதைத்தான் நாம் நமக்குச் சொல்லிக்கொள்கிறோம்.

மூன்று: பழைய வினாத்தாள், குறிப்புகள், இந்த ஆண்டு மலர் எல்லாம் ஒருவர் போனில் மட்டும் இருக்கக் கூடாது. நூலகத்தில் ஒரு பிரதி, துறைக் கணினியில் ஒரு பிரதி, வெளியே ஒரு பிரதி. தமிழ் எல்லாம் யூனிகோடில்.

நான்கு: லேபில் தூசி படிந்து கிடக்கிற ஒரு பழைய கணினியைக் கொடுங்கள். அதை லேப் வலைக்குள் ஒரு சர்வராக மாற்றித் தருகிறோம். வெளியே நெட் இல்லாவிட்டாலும் உள்ளே பாடக்குறிப்பு கிடைக்கும். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் தமிழ் விக்கிப்பீடியாவையே உள்ளே வைத்துப் படிக்கலாம். பெரிய செலவில்லை. இதற்கு நானும் என் நண்பர்கள் இரண்டு பேரும் சனிக்கிழமை வரத் தயார்.

"ஒரு குரூப்புல இருந்து நீக்குனதுக்கா இவ்வளவு பெரிய கட்டுரை?" என்று சிலர் கேட்பீர்கள். ஆமாம், அதற்காகத்தான்! இன்று குரூப் அட்மினிடம் காரணம் கேட்கப் பழகாதவன் நாளைக்கு மாவட்டத்துக்கே நெட்டை நிறுத்தும்போது எப்படிக் கேட்பான்? நாளைக்கு நம்மில் ஒருவர் டெலிபோன் கம்பெனியில் வேலைக்குப் போகலாம். அந்த சுவிட்ச் முன்னால் நிற்கப்போவது நாமாகவே இருக்கலாம்.

முதல் வேலையை நானே ஆரம்பித்துவிட்டேன். நான் நீக்கிய அந்த நண்பனைத் திரும்பச் சேர்த்து, ஏன் நீக்கினேன் என்று எழுதி, மன்னிப்பும் கேட்டேன். குரூப்புக்கு இன்னும் இரண்டு பேரை அட்மின் ஆக்கியாயிற்று. அடுத்த அறிவிப்பு வரும்போது குண்டூசி நான் வாங்கி வருகிறேன். போர்டு வாசலிலேயே இருக்கிறது.